ஒன்பதாம் எண் வீட்டின் பச்சைக் கதவு

நவம்பர் 7, வெள்ளி

‘குடித்தனம்’ பிப்ரவரி 20 அன்று வெளியாகிறது. ஆதாரம்: கோவையில் அந்த வீடியோ கேமைத் தயாரிக்கும் ‘நாலு சுவர்’ நிறுவனத்தின் அறிவிப்பு, இன்று மாலை 6.00 மணி. 6.02க்குக் கெசியாவுக்கு அனுப்பினேன். ‘தெரியும்ப்பா. அங்கிள் அப்பவே காட்டிட்டாங்க’ என்று பதில் வந்தது.

அதனால்தான் இந்த நோட்டு. முப்பது வருடமாக நிருபராக ஊரார் விஷயங்களைத் தேதி போட்டுக் குறித்துவைத்தவன், என் விஷயத்தை ஞாபகத்தில் மட்டும் வைத்திருக்கிறேன். ஞாபகம் நம்பகமான ஆதாரம் அல்ல.

தெரிந்தவை: விளையாடுகிறவர் ஒரு சிறிய ஊரின் தெருவில் வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டும். சமைக்கலாம், வேலைக்குப் போகலாம், பக்கத்து வீட்டோடு சண்டை போடலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். செப்டம்பர் நடுவிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு முன்னோட்டப் படம் வெளியிடுகிறார்கள். இதுவரை எட்டு. படத்துக்குக் கீழே ஒரு வரி விளக்கம் கிடையாது. மற்றதெல்லாம் பார்க்கிறவர்களின் ஊகம்.

கெசியா என் மகள். பதினாறு வயது, நாகர்கோவிலில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அவள் அம்மா ஹெப்சிபாவும் நானும் பிரிந்து ஆறு வருடம். ஹெப்சிபா, தனசிங் என்பவரைக் கல்யாணம் செய்து இரண்டு வருடம். கெசியா சொல்லும் ‘அங்கிள்’ அவர்தான். கோர்ட் தாளின்படி சனிக்கிழமை மாலை நான்கு மணி என்னுடையது. அவள் அழைப்பாள். படங்கள் வரும் முன்பு அந்த அழைப்பின் சராசரி நீளம் பதினோரு நிமிடம். (“சாப்பிட்டியா?” “ம்.” “பரீட்சை?” “எழுதினேன்.”) முதல் படம் வந்த வாரம் முப்பத்தெட்டு நிமிடம். சென்ற சனி எழுபத்திரண்டு. ஃபோனில் பதிவாகியிருக்கிறது. கூட்டிச் சொல்லவில்லை.

நவம்பர் 8, சனி

59 நிமிடம்.

எட்டாம் படம் தெருவின் நடுப்பகுதி. ஒன்பதாம் எண் வீட்டுப் பச்சைக் கதவு இதிலும் மூடியிருக்கிறது. எட்டுப் படத்தில் ஐந்தில் அந்தக் கதவு வருகிறது. ஒன்றிலும் திறக்கவில்லை. வாசலில் கிடக்கும் செருப்பு மட்டும் படத்துக்குப் படம் மாறுகிறது.

“உள்ள ஒரு நர்ஸ் இருக்காங்கப்பா. நைட் டூட்டி. பகல்ல தூங்குறாங்க, அதான் கதவு திறக்கல” என்றாள்.

“ரெண்டு ஜோடி செருப்பு கிடக்கே?”

“ரெண்டு நர்ஸ்.”

“அப்ப ஒருத்தராவது முழிச்சிருக்கணுமே. ரெண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட் எப்படிப் போடுவான்?”

“அப்பா, பேட்டி எடுக்காதீங்க.” சிரித்தாள்.

கம்பத்தின் நிழலை வைத்து, படத்தில் மணி இரண்டரை என்று சொன்னேன். எதிர்வீட்டு ஜன்னலோடு ஒப்பிட்டு அதை நிரூபித்தும் காட்டினேன். “செம்மப்பா!” என்றாள். அவள் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். பச்சைக் கதவுக்குப் பின்னால் யார் யார் இருக்கலாம் என்று இதுவரை பதினேழு பேரை எழுதியிருக்கிறாளாம். நர்ஸ் பதினேழாவது. ‘குடித்தனக்காரங்க’ என்று இணையத்தில் ஒரு குழுவும் வைத்திருக்கிறார்கள், நாலாயிரம் பேர். என் நிழல் கணக்கை அதில் போடப்போவதாகச் சொன்னாள்.

நல்ல நாள்.

நவம்பர் 12, புதன்

கலெக்டர் பேட்டி. சிலிண்டர் வந்தது. பேன்ட் இரண்டுக்கு ஜிப் மாற்றக் கொடுத்தேன்.

நவம்பர் 15, சனி

44 நிமிடம்.

ஒன்பதாம் படத்தை நேற்று முழுதாக நாற்பது நிமிடம் பார்த்தேன். மாலை நேரம், டீக்கடை. கடைப் பலகையில் டீ பன்னிரண்டு ரூபாய் என்றிருப்பதால் கதை இந்தக் காலத்தில் நடக்கிறது. பெஞ்சில் மடித்த செய்தித்தாளில் நான்கு பக்கம்தான் தெரிகிறது. ஆக, மாலைப் பதிப்பு. இவ்வளவும் குறித்துவைத்து நான்கு மணிக்குக் காத்திருந்தேன்.

“அப்பா, அங்கிள் என்ன கண்டுபிடிச்சாங்க தெரியுமா?”

இதுதான் அவளுடைய முதல் வாக்கியம்.

டீக்கடைக்கு இடதுபுறம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதாம். இருக்கிறது, இப்போது பார்த்தேன். தனசிங் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். அதைப் பார்த்ததும் “அப்ப கேம்ல கரண்ட் கட் வரும்” என்று சொன்னாராம்.

“கரண்ட் போனா என்ன ஆகும் சொல்லுங்க. எல்லாரும் வெளிய வருவாங்க! ஒன்பதாம் நம்பர் கதவும் திறக்கும்! குரூப்ல போட்டேன்ப்பா, எண்ணூறு லைக். அங்கிளுக்கு ‘லைன்மேன்’னு பேரே வச்சிட்டாங்க.”

“அவர் லைன்மேன் இல்லையே, உதவிப் பொறியாளர்” என்று திருத்தினேன்.

“அப்பா…”

நாற்பத்துநாலு நிமிடத்தில் பத்தொன்பது டிரான்ஸ்ஃபார்மருக்குப் போயிற்று. செய்தித்தாள் விஷயத்தைச் சொன்னேன். “ஓ, சூப்பர்” என்றாள். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், “மக்களே, காப்பி ஆறுது” என்றது. “வாரேன் அங்கிள்” என்றாள். அந்த ஊரில் பிள்ளைகளை ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். அதற்குத் தனி அர்த்தம் இல்லை.

டிரான்ஸ்ஃபார்மரைப் பார்ப்பது அவருடைய வேலை. வேலையைச் செய்தவரைப் பாராட்டும் வழக்கம் எங்கள் ஆபீசில் கிடையாது.

நவம்பர் 16, ஞாயிறு

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினேன். ஆள் கூப்பிடவில்லை. நானே ஊற்றினேன்.

நவம்பர் 22, சனி

31 நிமிடம்.

பத்தாம் படம் ஒரு சமையலறை. அதைப் பற்றிப் பேசியதைவிட அதை எப்படிப் பார்த்தார்கள் என்பதையே அதிகம் பேசினாள். தனசிங் டிவியில் இணைத்துக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். “அம்மா வாழைக்கா பஜ்ஜி போட்டாங்கப்பா.”

ஹெப்சிபா என்னோடு இருந்த பதினான்கு வருடத்தில் வெள்ளிக்கிழமை மாலை பஜ்ஜி போட்டதாக நினைவில்லை. போட்டிருக்கவும் கூடும். திருச்சிப் பதிப்பின் முதல் பக்கம் ஏழு மணிக்கு மூடி அச்சுக்குப் போகும். தலைமை நிருபர் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை.

‘அங்கிளும் நானும்’ என்பது இந்த அழைப்பில் ஒன்பது முறை வந்தது. ஐந்தாவதுக்குப் பிறகுதான் எண்ணத் தொடங்கினேன், ஆகையால் ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம்.

கரண்ட் கட் வருமா என்பது உண்மையில் ஊகிக்க வேண்டிய விஷயமே இல்லை. அது வரும் அல்லது வராது. கேட்டால் தெரிந்துவிடும். நாலாயிரம் பேரில் ஒருவருக்குமா ஒரு ஃபோன் போடத் தோன்றவில்லை?

நவம்பர் 25, செவ்வாய்

மரியதாசை அழைத்தேன். என்னிடம் மூன்று வருடம் நிருபராக இருந்தவன். இப்போது ‘நாலு சுவர்’ நிறுவனத்தில் பாத்திரங்களுக்கு வசனம் எழுதுகிறான்.

“சார், நீங்களா? யார் செத்துப்போனா?”

“யாரும் இல்ல. ஒரு தகவல் வேணும்.”

டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு என்று கேட்டேன். “சிகாமணி சார், ஊழல் கேப்பீங்க, கொலை கேப்பீங்க. டிரான்ஸ்ஃபார்மர் கேக்குறீங்க” என்றான்.

“கரண்ட் கட் இருக்கா, இல்லையா?”

“இல்ல சார். அது சும்மா பின்னணிக்கு வரைஞ்சது.”

“ஒன்பதாம் நம்பர் வீடு?”

“எது, அந்தப் பச்சைக் கதவா? அது திறக்காது சார். கதவே இல்ல அது, சுவத்துல வரைஞ்ச படம். தெரு நீளமா தெரியணும்னு போட்டது.”

“செருப்பு மாறுதே?”

“வரையுறவன் ஒவ்வொரு தடவையும் மறந்து வேற போடுறான். சார், இதை எங்கேயும் போட்டுராதீங்க. என் வேலை போயிரும்.”

பத்திரிகைக்கு இல்லை என்று உறுதி கொடுத்தேன். அதில் மாற்றம் இல்லை.

நவம்பர் 27, வியாழன்

ஒரே ஆதாரத்தை வைத்து நான் எதையும் எழுதியதில்லை. மரியதாஸ் வழியாகப் படம் வரையும் பெண்ணிடம் இரண்டு நிமிடம் பேசினேன். பெயர் வேண்டாம் என்றாள். டிரான்ஸ்ஃபார்மர் பின்னணி. கதவு படம். செருப்பு கவனக்குறைவு. மூன்றும் உறுதி.

தனசிங் சொன்னது தவறு என்பதில் எனக்குச் சந்தோஷம் எதுவும் இல்லை. தவறு தவறுதான், யார் சொன்னாலும். இதே அளவு அக்கறையோடு நான் அமைச்சர்களையும் திருத்தியிருக்கிறேன்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு இன்னும் நாற்பத்தாறு மணி நேரம்.

நவம்பர் 29, சனி

4 நிமிடம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அவள் மூன்று ஐம்பத்தெட்டுக்கே அழைத்தாள். மூச்சு வாங்கப் பேசினாள். “அப்பா, பாத்தீங்களா? மழை பெய்யுது! வாசல்ல செருப்பு இல்ல! நனையக் கூடாதுன்னு உள்ள எடுத்து வச்சிருக்காங்க! ஆள் இருக்குப்பா!”

பதினோராம் படம் மழை. செருப்பு இல்லாததை நானும் பார்த்திருந்தேன்.

“கெசியா, நான் ஒண்ணு சொல்றேன். உறுதியான தகவல். ரெண்டு ஆதாரம்.”

“சொல்லுங்க, சொல்லுங்க.”

சொன்னேன். கரண்ட் கட் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர் வெறும் பின்னணி. கதவு சுவரில் வரைந்த படம். பின்னால் அறை கிடையாது, ஆள் கிடையாது. செருப்பு வரைகிறவரின் மறதி. ஒரு செய்தியைப் படிப்பதுபோல, முக்கியமானதை முதலில் வைத்துச் சொன்னேன்.

எதிர்முனையில் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

“யார்ட்டப்பா கேட்டீங்க?”

“அங்கேயே வேலை பாக்குறவர்ட்ட.”

“ஏன் கேட்டீங்க?”

முப்பது வருடத்தில் இந்தக் கேள்வியை மற்றவர்கள் என்னிடம் கோபமாகக் கேட்டிருக்கிறார்கள். இவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

“தெரிஞ்சுக்கத்தானே எல்லாரும் பேசுறீங்க?” என்றேன்.

“ம்” என்றாள். பிறகு, “அங்கிள்ட்ட சொல்லிராதீங்கப்பா. பாவம், அவங்க ஆசையா இருக்காங்க” என்றாள்.

நான் அவரோடு பேசுவதில்லை என்றேன். சரி என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். ம் என்றாள்.

நவம்பர் 30, ஞாயிறு

தகவல் சரியானது. மறுபடியும் எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன். ஒரு பிழையும் இல்லை.

டிசம்பர் 6, சனி

6 நிமிடம். அரையாண்டுப் பரீட்சை நெருங்குகிறதாம். பன்னிரண்டாம் படத்தைப் பற்றி நானாகக் கேட்டேன். “இன்னும் பாக்கலப்பா” என்றாள். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வந்த படம், சனிக்கிழமை நான்கு மணிவரை அவள் பார்க்கவில்லை.

அங்கே சோபாவில் மூன்று பேரும் பார்த்துவிட்டு, என்னிடம் மட்டும் பார்க்கவில்லை என்கிறாளோ? அப்படி நினைக்க ஆதாரம் இல்லை. ஆனாலும் அடுத்த சனிவரை வேறெதையும் நினைக்கப்போவதில்லை என்று தெரிகிறது. பஜ்ஜியின் வாசனைகூட எனக்குத் தெரிகிறது.

குழுவில் தேடிப் பார்த்தேன். கதவு வெறும் படம் என்று அவள் அங்கே எழுதவில்லை. நாலாயிரம் பேரும் இன்னும் நர்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் கடைசியாக எழுதியது நவம்பர் 29, மாலை 3.51.

டிசம்பர் 10, புதன்

மாநகராட்சிக் கூட்டம், நான்கு மணி நேரம். ஒருவரும் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. சட்டை அயர்ன் கடையில் இருக்கிறது.

டிசம்பர் 13, சனி

அழைப்பு இல்லை. 4.20க்கு ஒரு வரி: ‘படிக்கிறேன்ப்பா, அடுத்த வாரம்.’

கோர்ட் தாளை எடுத்துப் பார்த்தேன். உரிய இடத்தில் ‘குழந்தையின் விருப்பத்துக்கு உட்பட்டு’ என்றிருக்கிறது. கையெழுத்துப் போடும்போது அந்த வரியை வாசித்த நினைவு இல்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

காலை 10.40. தெரியாத எண்.

“ஞானசிகாமணி சாரா? வணக்கம் சார். நான் தனசிங் பேசுதேன். நாகர்கோயில்லருந்து.”

இரண்டு வருடத்தில் முதல் முறை. சொல்லுங்கள் என்றேன்.

“ஒண்ணுமில்ல சார். பிள்ள ரெண்டு வாரமா அந்தப் படத்தப் பாக்க மாட்டேங்குது. டிவில போட்டு வச்சா, நீங்க பாருங்க அங்கிள்னு உள்ள போயிருது. கேட்டா ஒண்ணுமில்லங்குது. உங்ககிட்ட ஏதும் சொல்லிச்சான்னு கேக்கத்தான்…”

இவரிடம் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டது நினைவிருந்தது. மறைக்கவும் வரவில்லை. “நான் விசாரிச்சு உள்ளதச் சொல்லிட்டேன். அந்தக் கதவு வெறும் படம். நீங்க சொன்ன டிரான்ஸ்ஃபார்மரும் வெறும் படம்தான். கரண்ட் கட் எதுவும் கிடையாது” என்றேன். கடைசி வாக்கியத்தைச் சற்று நிதானமாகச் சொன்னேன் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

“அது தெரியும் சார்” என்றார்.

“தெரியுமா?”

“அதுக்கு மேல ஹை டென்ஷன் லைனே வரலியே. கம்பி இல்லாம டிரான்ஸ்ஃபார்மர் எதுக்கு? ஏதோ போட்டோவப் பாத்துப் பாதி வரைஞ்சிருக்கான். பாத்ததுமே தெரிஞ்சிட்டுது.”

“பிறகு ஏன் கரண்ட் கட் வரும்னு சொன்னீங்க?”

“பிள்ள கேட்டுது, ‘இது எதுக்கு அங்கிள் இங்க இருக்கு’ன்னு. சும்மா இருக்குன்னு சொன்னா பேச்சு அதோட முடிஞ்சிருமே சார்.”

அவரே தொடர்ந்தார்.

“ரெண்டு வருசம் சார். சாப்பிட்டியான்னா ‘ம்’. ஸ்கூல் எப்பிடின்னா ‘ம்’. இந்தப் படம் வந்த பிறகுதான் எங்கிட்ட நாலு வார்த்த பேசிச்சு. அதுவும் என்ன பேச்சு? எங்கப்பா நிழலப் பாத்தே மணி சொல்லிட்டாங்க, எங்கப்பா பேப்பரப் பாத்தே பொழுதச் சொல்லிட்டாங்க. சனிக்கிழம சாயங்காலம் ஃபோன வச்சிட்டு வந்தா ராத்திரி சாப்பாடு வரைக்கும் உங்க பேச்சுதான். எனக்கு நிழல் கணக்கெல்லாம் வராது சார். நமக்குத் தெரிஞ்ச சாமான் ஏதாவது படத்துல இருக்கான்னு தேடுவேன். எட்டு வாரம் தேடி ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர்தான் கிடைச்சுது.”

சிரித்தார். கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல இருந்தது.

“கோவமா சார்?”

இல்லை என்றேன்.

“நான் போன் பண்ணுனது பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் சார். கதவு விசயம் எனக்குத் தெரியும்னும் சொல்லாண்டாம். எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அது பாத்துப் பாத்துப் பேசுதுன்னு இப்பதான் புரியுது.”

டிசம்பர் 17, புதன்

நேற்றைய அழைப்பு: 13 நிமிடம். கெசியாவோடு எனக்கிருந்த பழைய சராசரியைவிட இரண்டு நிமிடம் அதிகம்.

அவரை வெறுப்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை. வெறுக்காமல் இருப்பதும் முடியவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்காக ஒருவர் தெரியாததுபோல இருக்கிறார்கள். உறுதியான தகவல் கையில் இருந்தும் அதைச் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் வேலைக்கு வந்திருந்தால் ஒரே வாரத்தில் அனுப்பியிருப்பேன்.

டிசம்பர் 19, வெள்ளி

பதினான்காம் படம், மாலை 6.00. பஸ் ஸ்டாப். சிமெண்ட் பெஞ்சு. அதன்மேல் மடக்கிய கறுப்புக் குடை ஒன்று கிடக்கிறது. மழை இல்லை, ஆள் இல்லை.

முதல் பதிப்பு நேரம். டெஸ்க்கில் இருந்த உதவி ஆசிரியர்களிடம் பத்து நிமிடம் வெளியே போகிறேன் என்றேன். “சார், உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்கள். மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் எழுதியது: ‘குடை தொடர்பாக இரண்டு சாத்தியங்கள் உள்ளன.’ அழித்தேன். இரண்டாவது: ‘குடையை யாரோ மறந்துவிட்டதாகத் தெரிகிறது.’ அதையும் அழித்தேன். மூன்றாவதை 6.21க்கு அனுப்பினேன்:

‘யாரும் மறந்துட்டுப் போகல. இடம் பிடிக்கப் போட்டிருக்காங்க. இன்னும் ஒரு ஆள் வரணும்.’

இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. யாரையும் கேட்கவில்லை. அந்தப் பெஞ்சில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் எங்கே போனார், ஏன் கூட்டமே இல்லாத இடத்தில் இடம் பிடிக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. கெசியா கேட்டால் யோசிக்க வேண்டும்.

6.40க்கு மரியதாஸ் அழைத்தான். “சார், இன்னிக்குப் படம் பாத்தீங்களா? அந்தக் குடைக் காட்சி நான் எழுதினது. அது எதுக்குன்னா—”

“வாயை மூடு.”

“சார்?”

“பிப்ரவரி இருபது வரைக்கும் எனக்கு ஃபோன் பண்ணாத.”

“நான் என்ன சார் தப்பு பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. வை.”

6.52க்கு இரண்டு நீல டிக் வந்தது. அவள் வாசித்துவிட்டாள். ‘டைப்பிங்’ என்று மூன்று முறை வந்து, மூன்று முறை நின்றது. அவளாக எழுதினாளோ, பக்கத்தில் யாராவது சொல்லச் சொல்ல எழுதினாளோ, எனக்குத் தெரியாது. ஏழு மணிக்குப் பக்கத்தை மூட உள்ளே போனேன்.

குடை எதற்கு என்பது பிப்ரவரி 20 அன்று தெரியும். கெசியாவின் பதில் இரவு 9.30 வரை வரவில்லை. நாளை மாலை நான்கு மணிக்கு எதிர்பார்க்கப்படுகிறது.